அலை என்று கேட்ட சொல்

மார்ச் 9

அன்புள்ள தங்கைக்கு,

ஏரியின் நடுவில் உன் கணவர் சாய்ந்து விழுந்தபோது, படகைத் திருப்ப வேண்டாம், மறுகரையையும் பார்த்துவிட்டே போகலாம் என்று நான் சொன்னதாக உன் நாத்தனார் வீடு வீடாகச் சொல்லி வருகிறாள். நான் அப்படிச் சொல்லவில்லை. மறுகரைதான் பக்கம், அங்கேதான் வண்டி கிடைக்கும் என்று சொன்னவர் படகுக்காரர். அப்போது உன் கணவர் தலை உன் மடியில் இருந்தது. நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். உன் நாத்தனார் அந்த நேரத்தில் எந்தப் படகிலும் இல்லை.

என் ஆசைக்காக உங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போனேன் என்பது இரண்டாவது பேச்சு. அதில் பாதி சரி. மலைமேல் ஏறும் அந்த ரயிலின் படத்தை என் வீட்டுக்காரரும் நானும் பல் மருத்துவரின் வரவேற்பறைச் சுவரில் பார்த்தோம். கீழே ஏரி, அதில் ஒரு வெள்ளைப் படகு. போகலாம் என்று அவர் சொன்னார். போவதற்குள் அவர் போய்விட்டார். தனியாகப் போக எனக்கு மனம் வரவில்லை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, உங்களுக்கு ஓய்வு வேண்டும் என்று சொன்னேன்.

தொலைபேசியில் கூப்பிட்டால் உன் மருமகள் எடுக்கிறாள். நீ குளித்துக்கொண்டிருக்கிறாய் என்கிறாள். காலையில் குளிக்கிறாய், மத்தியானம் குளிக்கிறாய், விளக்கு வைத்த பிறகும் குளிக்கிறாய். ஒரு மனுஷி இவ்வளவு குளித்தால் கரைந்தே போவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கணவரை வந்து பார்க்க வேண்டும். அதிக நேரம் உட்கார மாட்டேன். எப்போது வரலாம் என்று எழுது.

உன் அக்கா


மார்ச் 15

அக்கா,

நீ சொன்னது சரி, நான் குளிக்கல. உன் குரலைக் கேட்க வேண்டாம்னுதான் அப்படிச் சொல்லச் சொன்னேன். கடிதம் வந்தா உறையிலேயே உன் கையெழுத்து தெரிஞ்சுடுது, அச்சுல போட்ட மாதிரி. அதுக்கு யாரைக் குளிக்கப் போகச் சொல்றது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துட்டோம். கட்டிலைக் கூடத்துல போட்டிருக்கு. உருண்டு விழாம இருக்க அவரோட இடது பக்கத்தைச் சுவரோட ஒட்டிப் போட்டிருக்கோம். வலது கை, வலது கால் ரெண்டும் கட்டை. நர்ஸ் காலையில வந்து புரட்டிப் போட்டுட்டுப் போகுது. மூக்குல குழாய். மாடி மாடியா லிஃப்ட் கூண்டு மேல நின்னு கத்திக் கத்தி வேலை பார்த்த மனுஷன், பக்கத்து வீட்டுக்காரங்க ரேடியோ சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வந்தா அது ரேடியோ இல்ல, இவர் போன் பேசறார்னு சொல்லி அனுப்புவேன். இப்ப அவர் வாயில வர்றது ஒரே வார்த்தை. அலை. காலையில கண்ணைத் திறந்தா அலை. குழாயை மாத்தினா அலை. என் முகத்தைப் பார்த்துச் சொல்றார், அப்புறம் கண்ணுல தண்ணி வழியுது.

அந்த ஏரியை விட்டு அவர் இன்னும் வரல அக்கா. அங்கேயேதான் கிடக்கிறார். ஜன்னல்ல கறுப்புத் திரை போட்டுட்டேன், மழை பெய்யறது தெரியக் கூடாதுன்னு. பின்கட்டுல குழாயைத் திறந்தாக்கூட நடுக்கதவைச் சாத்திடறேன்.

இவருக்குத் தண்ணின்னா பயம்னு உனக்குத் தெரியும். கயித்துல தொங்கற பெட்டி மேல ஏறுவார், முழங்கால் தண்ணியில இறங்க மாட்டார். தெரிஞ்சும் படகுக்கு டிக்கெட் எடுத்தது நீ. நாத்தனார் சொல்றது பொய்னு எனக்கும் தெரியும். நான் ஏன் மறுக்கலைன்னு நீ கேட்பே. மறுக்கத் தோணல, அவ்வளவுதான்.

நீ அனுப்பின பளம் வந்தது. தப்பாத்தான் எழுதியிருக்கேன், திருத்திக்கோ. அவரால எதையும் முழுங்க முடியாதுன்னு தெரியாம அனுப்பியிருக்கே.

வர வேண்டாம்.

தங்கை


மார்ச் 20

அன்புள்ள தங்கைக்கு,

வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கோபப்படாமல் கடைசிவரை படி. அவர் சொல்கிற வார்த்தை அலைதான் என்று நிச்சயமாகத் தெரியுமா? எந்த ல?

உனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் கேட்கும். அது உன் குற்றமில்லை. அப்பா என்னைக் கான்வென்டில் சேர்த்தார், உன்னைத் தெருமுனைப் பள்ளியில் சேர்த்தார். ஏன் என்று நீ அறுபது வயதில்கூட என்னிடம் கேட்டாய். அவரிடம் கேட்காமல் விட்டோம். எங்களுக்கு இருந்த சிஸ்டர் கையில் ஒரு சின்னக் கண்ணாடி கொடுத்து, நாக்கு எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்வார். தண்ணீர் கேட்கிற பெண் சரியாக உச்சரித்துக் கேட்டால்தான் தண்ணீர். அந்தப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. உன் கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். தனியாகச் செய்தித்தாள் வாசித்தால் அவருக்கு ஓர் எழுத்தும் பிசகாது. என் செருப்புச் சத்தம் கேட்டதும் வாளைப்பளம், கோளிக்குஞ்சு, கிளவி. நான் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததில்லை, அலுவலகத்தில் கடிதப் பிரிவைத்தான் கவனித்தேன். ஆனாலும் எனக்கு அவர் வைத்த பெயர் ஹெட்மிஸ்ட்ரஸ். சரியாகச் சொல்லும்வரை நான் பதில் சொல்ல மாட்டேன். அவர் என்னைப் பேச வைக்கப் பார்ப்பார். நீ சிரித்துக்கொண்டே காய் நறுக்குவாய். நம் வீட்டில் இப்படித்தான் முப்பது வருடங்களுக்கு மேல் போயிருக்கிறது.

அதனால் கேட்கிறேன். அவர் அந்த வார்த்தையைச் சொல்லும்போது கிட்டே போய் வாயைப் பார். நாக்கு நுனி முன்பல்லுக்குப் பின்னால் போய்த் தட்டுகிறதா, அல்லது மேலே வளைந்து பின்னால் போகப் பார்க்கிறதா? பார்த்து எழுது. அதுவரை நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. தவறாகச் சொல்லிவிடக் கூடாது.

பழத்தைப் பற்றி யோசிக்காமல் விட்டேன். மன்னித்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 27

அக்கா,

உன் கடிதத்தைக் கிழிச்சுப் போடலாம்னு பார்த்தேன். மூக்குல குழாயோட ஒரு மனுஷன் கிடக்கிறார், நீ அவருக்கு உச்சரிப்புப் பரீட்சை வைக்கிறே. என் மகன் படிச்சுட்டு, பெரியம்மாவுக்கு மூளை கலங்கிடுச்சான்னு கேட்டான். கலங்கியிருந்தா நல்லா இருக்கும்டான்னு சொன்னேன்.

ஆனாலும் பார்த்தேன். நீ சொன்னா செய்யாம இருக்க எனக்கு வராது, அது உனக்கும் தெரியும்.

முன்பல்லுக்குப் பின்னால போகல. நாக்கு மேலே எழும்புது. வளையப் பார்க்குது, வளைய முடியாம பொத்துன்னு விழுது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். கஷ்டப்பட்டுச் சொல்றார் அக்கா. நெற்றி வேர்க்குது.

அப்பதான் எனக்கு ஞாபகம் வந்தது. படகுலயும் இதேதான் சொன்னார். காற்று காதுல அடிக்குதுன்னு நான் உள்ளே போய்ப் படுத்துக்கிட்டேனே. எழுந்து வெளியே வந்தா நீங்க ரெண்டு பேரும் முன்பெஞ்சுல இருக்கீங்க. நீ அந்தப் பக்கம் திரும்பித் தண்ணியைப் பார்த்துக்கிட்டிருக்கே. அவர் என்னைப் பார்த்து அலைன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆமாங்க, அலை எவ்வளவு அழகா இருக்குன்னு சொன்னேன். சொல்லி முடிக்கல, சாய்ஞ்சுட்டார்.

அதை நான் யார்கிட்டயும் சொல்லல.

நான் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தேன்னு தெரியல. நான் வர்றதுக்கு முன்னாடி அவர் உன்கிட்ட என்ன சொன்னார்? நீ என்ன சொன்னே? டாக்டர் திரும்பத் திரும்ப ஒண்ணு கேட்டார், பேச்சு எப்பலேருந்து குளறுச்சு, கை எப்பலேருந்து அசையலன்னு. சீக்கிரம் தெரிஞ்சிருந்தா மருந்து கொடுத்திருக்கலாமாம், இந்த அளவுக்கு வந்திருக்காதாம். நான் உன்னைப் பார்த்தேன். நீ கைப்பையைத் திறந்து மூடினே. கவனிக்கலைன்னு சொன்னே. நீ கவனிக்காத எழுத்துன்னு ஒண்ணு இருக்கா?

எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். படகுல என்ன நடந்ததுன்னு எழுது. அதைத் தெரிஞ்சுக்காம என்னால அவர் முகத்தைத் துடைக்க முடியல.

தங்கை


ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

அவர் சொன்னது அலை இல்லை. அழை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையிலிருந்தே ரயிலில் அவர் விளையாடிக்கொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு வளைவிலும், "மலைமேல மளை பெய்யுது ஹெட்மிஸ்ட்ரஸ், பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் பார்க்கவில்லை. வெளியே பள்ளத்தாக்கில் மேகம் நமக்குக் கீழே கிடந்தது. அதைப் பார்க்கத்தான் நான் வந்தேன், ஆனாலும் திரும்பவில்லை. பெரிய சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து இருட்டானதும் அவரே தோற்றுப்போய், மழை என்று அழகாகச் சொன்னார். வெளிச்சம் வந்ததும் நான் அவருக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தேன். நீ கைதட்டினாய். அன்று எனக்கு மனம் லேசாக இருந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு அப்படி இருந்ததில்லை.

படகில் ஏறும்போது அவர் பயப்பட்டார். காட்டிக்கொள்ளவில்லை. நீ உள்ளே போன பிறகு பெஞ்சின் கைப்பிடியை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டேன். அளை என்றார்.

அழை என்று சொல்ல வருகிறார் என்று எனக்கு உடனே தெரிந்தது. மலைச்சரிவில் அருவி தெரிந்த நேரம். அதைப் பார்க்க உன்னை அழைக்கச் சொல்கிறார், வழக்கம்போல எழுத்தை மாற்றிச் சொல்லி என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்தேன். "நாக்கை மடிச்சுச் சொல்லுங்க, அப்பதான் அழைப்பேன்" என்றேன்.

மறுபடியும் அதையே சொன்னார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைச் சிரிக்க வைக்க அவர் எத்தனையோ முறை வாயைக் கோணிக் காட்டியிருக்கிறார். நான் சிரிக்கக் கூடாது என்று தண்ணீரின் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னாலிருந்து இன்னும் சில முறை சொன்னார். திரும்பவில்லை. ஒரு முறை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தேன். ழகரத்துக்காக நாக்கை மேலே கொண்டுபோக முயன்றுகொண்டிருந்தார். அது எனக்குத் தெரிந்தது. முயற்சியாவது செய்கிறாரே என்று திருப்தியாக இருந்தது.

பிறகு நீ வந்தாய்.

எவ்வளவு நேரம் என்று நீ கேட்டிருக்கிறாய். அருவி தெரிய ஆரம்பித்ததிலிருந்து அது மலைக்குப் பின்னால் மறையும்வரை. படகுக்காரர் எங்களுக்குப் பத்தடி தள்ளி நின்றார். நீ ஒரு கதவுக்கு அப்பால் இருந்தாய். டாக்டர் கேட்டபோது கவனிக்கவில்லை என்று நான் சொன்னது பொய்.

நீ அலை என்று கேட்டாய், அலையைப் பற்றிப் பேசினாய். அதற்கு நீ ஒன்றும் செய்வதற்கில்லை. நான் அழை என்றே கேட்டேன். உன் நாத்தனாரிடம் ஏதாவது சொல்வதானால், படகைத் திருப்ப வேண்டாம் என்ற கதையை விட்டுவிட்டு இதைச் சொல்லச் சொல்.

அந்தக் கறுப்புத் திரையை எடுத்துவிடு. அவர் அலையைக் கண்டு பயந்து அப்படிச் சொல்லவில்லை. யாரையோ அழைக்கச் சொல்கிறார். யாரை என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, அவரென்றால் விரலை அழுத்தச் சொல். மகன், மகள், பேரப்பிள்ளைகள், அவருடன் வேலை பார்த்தவர்கள், டாக்டர், எல்லோரையும் கேள். அவசரப்படாதே. என்னையும் கேள். அவர் கூப்பிடுகிற பெயரையே சொல்.

அவர் வேண்டும் என்றால் வருகிறேன். இல்லையென்றால் அதையும் எழுது.

உன் அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு அடுப்படிக்குப் போய் நின்னேன். பால் பொங்கி வழிஞ்சது. பார்த்துக்கிட்டே நின்னேன்.

நாத்தனார்கிட்ட நான் சொல்லப் போறதில்ல. உனக்காக இல்ல. அதைச் சொன்னா நான் படகுல என்ன சொன்னேன்னும் சொல்லணும். நம்ம ரெண்டு பேர் பேசினதுக்கு நடுவுல அந்த மனுஷன் மாட்டிக்கிட்டு செத்துப் பொழச்சிருக்கார். ஒருத்திக்கு எழுத்து தெரியாது, இன்னொருத்திக்கு எழுத்தைத் தவிர ஒண்ணும் தெரியாது.

திரையைக் கழட்டிட்டேன். வெளிச்சம் வந்ததும் கண்ணைச் சுருக்கிக்கிட்டு ஜன்னலையே ரொம்ப நேரம் பார்த்தார். மூணு வாரத்துக்கு மேல அவரை இருட்டுல போட்டு வெச்சிருந்தேன்.

நீ எழுதின மாதிரியே கேட்டேன். மத்தியானம், வீட்ல யாரும் இல்லாதப்ப. கட்டில் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கையை எடுத்து என் கைக்குள்ள வெச்சுக்கிட்டேன். யாரைங்க அழைக்கணும்னு கேட்டேன். அந்த வார்த்தையை நான் அலைக்கணும்னு சொன்னேனா அழைக்கணும்னு சொன்னேனா தெரியல, ஆனா அவருக்குப் புரிஞ்சது. அப்படியே என்னைப் பார்த்தார். அக்கா, இத்தனை நாளா யாரோ கேட்க மாட்டாங்களான்னு இருந்திருக்கார்.

மகன் பேரைச் சொன்னேன். ஒண்ணும் இல்ல. மகள் பேரைச் சொன்னேன். பேரப்பிள்ளைங்க. கூட வேலை பார்த்தவங்க, அந்தக் குட்டையான போர்மேன்கூட. டாக்டர். நர்ஸ். என்னையான்னும் கேட்டேன், இங்கதானே இருக்கேன்னு சொன்னேன். கை கிடந்தது கிடந்தபடி. பொம்மைக் கை மாதிரி.

கடைசியா உன்னைக் கேட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸை அழைக்கட்டுமான்னு.

வெடுக்குன்னு கையை இழுத்துக்கிட்டார். என் கைக்குள்ளேருந்து உருவி இழுத்துக்கிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டார். நான் எவ்வளவோ கூப்பிட்டும் திரும்பல.

அதுலேருந்து அந்த ஒரு வார்த்தையும் போச்சு. இப்ப வீடு எப்படி இருக்குன்னு உனக்குச் சொல்லத் தெரியல. அலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தப்பவாவது ஒரு சத்தம் இருந்தது.

இல்லைன்னா அதையும் எழுதச் சொன்னே. எழுதிட்டேன். வராதே. இனிமே கடிதமும் போட வேண்டாம். நான் உன்மேல கத்தணும்னு நினைச்சேன், அதுக்குக்கூடத் தெம்பில்ல.

தங்கை


ஏப்ரல் 14

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். ஒரே ஒரு காரியத்துக்காக எழுதுகிறேன். இதற்குப் பிறகு நீயாக எழுதினால் ஒழிய எழுத மாட்டேன்.

நான் வர மாட்டேன். அவர் சொல்லிவிட்டார், எனக்குப் புரிந்தது. இந்த முறை திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கப் போவதில்லை. உன் மேலும் வருத்தமில்லை.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். என்னைப் பற்றி எழுதிய இடத்துக்காக என்று நினைக்காதே. வேறொன்று இடித்தது. மார்ச் 15ஆம் தேதிக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் இரண்டு செய்திகள் எழுதியிருக்கிறாய். கட்டிலில் அவருடைய இடது பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கிறது. வலது கையும் காலும் கட்டை.

கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன், கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன் என்கிறாய். கையைப் பிடி என்றுதான் நான் எழுதினேன். எந்தக் கை என்று எழுதாமல் விட்டது என் கவனக்குறைவு. அவர் மேலாக எட்டி இடது கையைப் பிடித்தாயா, அல்லது உன் பக்கத்தில் கிடந்த கையைப் பிடித்தாயா? பக்கத்தில் கிடந்ததென்றால் அது வலது கை. அத்தனை பெயருக்கும் விரல் அசையாமல் இருந்ததற்கு அது காரணமாக இருக்கலாம், அழுத்த முடியாத கையில் நீ அழுத்தச் சொல்லியிருக்கிறாய். அப்படியானால் அவர் இழுத்துக்கொண்டதும் அந்தக் கைதான். கட்டை என்று நீயும் டாக்டரும் சொன்ன கை.

நான் தவறாக நினைத்திருக்கலாம். நடுவில் கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தால் இதையெல்லாம் மறந்துவிடு. திருப்பவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைக்காமல் இன்றே டாக்டரிடம் போ. அந்தக் கை அசைந்தது என்று சொல். எதனால் அசைந்தது என்று அவர் கேட்டால், பிடிக்காத ஒருத்தியின் பெயரைச் சொன்னேன் என்று சொல். வேண்டுமானால் தினமும் சொல். காலையில் நர்ஸ் வரும்போது ஒரு முறை, மாலையில் ஒரு முறை. எனக்கு ஒன்றுமில்லை.

பெயர்களைத் திரும்ப ஒரு முறை, இடது கையைப் பிடித்துக்கொண்டு கேள். என்னை விட்டுவிட்டுக் கேள்.

உன் கோபம் உன்னிடமே இருக்கட்டும். எனக்கு நலம் விசாரித்து ஒரு வரிகூட வேண்டாம். அவர் இழுத்துக்கொண்டது எந்தக் கை என்பதை மட்டும் எழுதித் தெரிவி.

உன் அக்கா